பணி நிறைவும் மன நிறைவும்

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் ஒருவர் 60 வயதை எட்டும் மாதத்தின் கடைசி நாளே அவர் பணியிலிருந்து விடைபெறும் நாள். அன்று மாலை அலுவலகத்தில் பாராட்டு விழா நடக்கும். மாலை, சால்வை, நினைவுப் பரிசு, உடன் வேலை பார்த்தவர்கள் வீடு வரை வந்து விட்டுப்போகும் மரியாதை எல்லாம் உண்டு. மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்கே விழிப்பு வந்துவிடும். குளித்து, செய்தித்தாளைப் புரட்டி, ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்தபின் போவதற்கு ஓர் இடம் இருக்காது. ஓய்வுக்கால மனநலம் பற்றிய கேள்விகள் பெரும்பாலும் இந்த ஒன்பது மணியிலிருந்துதான் தொடங்குகின்றன.

குறிப்பிட்ட வயதில் வேலையை நிறுத்திவிடும் வழக்கம் மனித வரலாற்றில் மிகப் புதியது. உழவரும் தச்சரும் நெசவாளரும் உடல் இடம் கொடுக்கும் வரை உழைத்தார்கள். பாரம் மெல்ல மெல்ல அடுத்த தலைமுறையின் கைக்கு மாறியது. அதற்கென்று ஒரு தேதி கிடையாது. ஜெர்மனியில் பிஸ்மார்க் காலத்தில், 1889இல் வந்த முதியோர் காப்பீட்டுச் சட்டம்தான் வயதை வைத்து ஓய்வூதியம் தரும் முறைக்கு வழிகாட்டியது. அதில் வயது வரம்பு 70. 1916இல் அது 65 ஆனது. இந்தியாவில் மத்திய அரசு ஊழியரின் ஓய்வு வயது 1998இல் 58லிருந்து 60 ஆக உயர்ந்தது. தமிழ்நாட்டில் 2020இல் 59, 2021இல் 60. இந்தியாவில் இன்று 60 வயதைத் தொடும் ஒருவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் அளவுக்கு வாழ்கிறார். ஒன்றாம் வகுப்பு முதல் பட்டம் வாங்கும் வரை ஆகும் காலத்தைவிட இது நீளம். அந்தப் படிப்புக்கு ஆயத்தம் செய்ய எத்தனையோ ஏற்பாடுகள் உண்டு. இந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்கு எதுவும் இல்லை.

பழந்தமிழ் நூல்கள் முதுமையை வேறு விதமாகப் பார்த்தன. தொல்காப்பியத்தின் கற்பியல், இன்பத்தை நிறைவாகத் துய்த்து முடித்த கணவனும் மனைவியும் மக்களோடும் சுற்றத்தோடும் சேர்ந்து அறத்தைப் பயில்வதை இல்வாழ்வின் பயனாகச் சொல்கிறது. புறநானூற்றில் இரண்டு பாடல்கள் முதுமையின் இரு வேறு முகங்களைக் காட்டுகின்றன. ஆண்டுகள் பல ஆகியும் நரை இல்லையே என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் சொல்லும் காரணங்களில் பணமோ மருந்தோ இல்லை. மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரில் வாழும் சான்றோர் என்று அவர் அடுக்குவது முழுவதும் மனிதர்களையே. தொடித்தலை விழுத்தண்டினார் பாடலில் வரும் முதியவரோ, மருதமரக் கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளிவந்த இளமையை நினைத்து, இருமலுக்கு நடுவே ஏங்குகிறார். உளவியலாளர் எரிக் எரிக்சன் 1950இல் மனித வாழ்வை எட்டுக் கட்டங்களாகப் பிரித்தபோது, கடைசிக் கட்டத்தின் போராட்டமாக வைத்ததும் இதைத்தான். வாழ்ந்த வாழ்வை ஏற்றுக்கொள்ளும் நிறைவு ஒரு பக்கம், இனி ஒன்றும் செய்ய நேரமில்லை என்ற கசப்பு மறுபக்கம்.

ஓய்வு மனத்தைக் கெடுக்குமா?

ரிட்டயர் ஆனால் ஆள் சீக்கிரம் போய்விடுவார் என்ற பேச்சு ஊரெங்கும் உண்டு. ஆய்வுகள் அதை அப்படியே ஏற்கவில்லை. பிரான்சின் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ‘கசெல்’ ஆய்வின் முடிவுகள் 2009இல் வெளிவந்தன. தங்கள் உடல்நிலை சரியில்லை என்று சொன்னவர்களின் பங்கு, ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் நூற்றுக்கு 19 அளவில் இருந்தது. ஓய்வுக்கு அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு இறங்கிவிட்டது. மனச்சோர்வுக்கான அறிகுறிகளும் குறைந்தன. வேலைச் சூழல் மோசமாக இருந்தவர்களுக்கே இந்த நன்மை அதிகம். மேலதிகாரியின் கெடுபிடியிலும் இரவுப் பணியிலும் நொந்தவருக்கு ஓய்வு மருந்தாகவே அமைகிறது. ஜெர்மனியில் 2007இல் வெளியான மற்றோர் ஆய்வு, ஓய்வு பெற்றவர்கள் எல்லோரும் ஒரே பாதையில் போவதில்லை என்று காட்டியது. பெரும்பாலோருக்கு வாழ்க்கைத் திருப்தியில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. ஒரு சிறு பிரிவினருக்கு மகிழ்ச்சி நன்றாகக் கூடியது. இன்னொரு பிரிவினர் சட்டென்று சரிந்தார்கள்.

சரிந்தவர்கள் யார் என்பதுதான் முக்கியம். தானாக முடிவெடுத்து வெளியேறியவரைவிட, வெளியே தள்ளப்பட்டவருக்கு மனக்காயம் ஆழமானது. விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பிஎஸ்என்எல் ஊழியர்கள் 78,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள். பெயரில் விருப்பம் இருந்தாலும், அந்த விருப்பத்தின் அளவு ஆளுக்கு ஆள் வேறுபட்டிருக்கும். தமது ஐம்பதுகளிலேயே, பிள்ளைகளின் படிப்பு முடியுமுன்னே வீட்டுக்கு வந்தவரின் ஓய்வும், அறுபதில் மாலையோடு வந்தவரின் ஓய்வும் ஒன்றல்ல. உடல்நலக் குறைவால் வேலையை விட்டவர், வேலை போகும் அதே காலத்தில் துணையையும் இழந்தவர் ஆகியோரும் இந்தச் சரிவுக்கு எளிதில் ஆளாகிறார்கள்.

சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி 1976இல் ஓய்வைக் கட்டங்களாக வகுத்தார். முதலில் தேனிலவுக் காலம்: கோயில் பயணம், உறவினர் வீடு, ஒத்திப்போட்ட வீட்டு வேலைகள். அது சில மாதங்களில் தீர்ந்ததும் ஏமாற்றம் வரும். அதன்பின் தன்னை வேறு விதமாக அமைத்துக்கொள்ளும் காலம். பிறகு நிலைபெற்ற வாழ்க்கை. எல்லோரும் எல்லாக் கட்டத்தையும் கடப்பதில்லை என்று ஆட்ச்லியே சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த இரண்டாம் கட்டத்தை முன்கூட்டியே அறிந்திருப்பது பெரிய உதவி. காசி, ராமேசுவரம் எல்லாம் போய்வந்த பிறகு வரும் வெறுமையைத் தனக்கு மட்டும் நேர்ந்த குறையாக எண்ணி ஒருவர் மறைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வேலை தந்தவை

வேலை சம்பளத்தைத் தவிர வேறு என்ன தந்தது என்பதை மிகத் தெளிவாகக் காட்டியது, ஓய்வைப் பற்றியே அல்லாத ஓர் ஆய்வு. ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியன்தால் என்ற சிற்றூர். ஊருக்கே சோறு போட்ட நெசவாலை மூடப்பட்டபின், மரீ யகோடாவும் உடன் ஆய்வாளர்களும் அங்கே தங்கி ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டார்கள். வேலையற்ற ஆண்களுக்கு நாள் முழுக்க நேரம் இருந்தது. ஆயினும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. தெருவில் ஆண்கள் நின்று நின்று மெதுவாக நடந்தார்கள். அடுப்பும் குழந்தைகளும் காத்திருந்த பெண்களின் நடையில் வேகம் இருந்தது. நாளுக்கு ஒரு வரிசை, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்து ஒன்றைச் செய்யும் உணர்வு, ஊரில் ஓர் அடையாளம், கைக்கு ஓயாத வேலை. இவற்றைத் தொழில் சத்தமில்லாமல் தந்துகொண்டிருக்கிறது என்று யகோடா பின்னாளில் வகைப்படுத்தினார். வேலையின்மையும் ஓய்வும் ஒன்றல்லதான். ஓய்வில் அவமானம் இல்லை, மாதம் பிறந்தால் பணமும் வருகிறது. ஆனால் இழந்துபோகும் பொருள்களின் பட்டியல் அதேதான்.

முதலில் போவது நேரத்தின் ஒழுங்கு. இதை மீட்பது ஒப்பளவில் எளிது. நடைப்பயிற்சிக்கு ஒரு மணி, நூலகத்துக்கு ஒரு மணி, வாரத்தில் இரண்டு நாள் வெளியே கட்டாயம் போகவேண்டிய ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால் போதும். யாரோ ஒருவர் காத்திருக்கும் வேலையாக அது இருக்க வேண்டும். தனக்குத்தானே போட்டுக்கொள்ளும் அட்டவணை இரண்டு வாரத்தில் தளர்ந்துவிடுகிறது.

மனிதர்கள் விலகுவது இன்னும் நுட்பமாக நடக்கிறது. முப்பது ஆண்டுகள் தினமும் சேர்ந்து டீ குடித்தவர்கள் ஓராண்டுக்குள் திருமண வீடுகளில் மட்டும் பார்க்கும் ஆட்களாகிவிடுகிறார்கள். 1938இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஹார்வர்டு ஆய்வு, நூற்றுக்கணக்கான ஆண்களை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. முதுமையில் நலமாக இருப்பதற்கு நெருங்கிய உறவுகளின் தரம் மிக வலுவான காரணம் என்பதே அதன் தலையாய முடிவு. லாரா கார்ஸ்டென்சன் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு நல்ல திருத்தம் சொல்கிறார். வயது ஏற ஏற மனிதர்கள் தம் வட்டத்தைத் தாமே சுருக்கிக்கொள்கிறார்கள். மிச்சமுள்ள காலம் குறைவு என்று உணரும்போது நெஞ்சுக்கு நெருங்கியவர்களோடு மட்டும் இருக்க விரும்புகிறார்கள். அது நோயின் அடையாளமல்ல. ஆகவே எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, நான்கைந்து பேரை இறுகப் பிடித்துக்கொள்வதே பயன்தரும்.

ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறப்பது அரிது; பக்கத்தில் பக்கமாக ஏதாவது செய்துகொண்டிருக்கும்போது பேசிவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் பரவிய ஆண்களுக்கான பணிக்கூடங்கள் இந்த உண்மையின்மேல் எழுந்தவை. மரவேலையும் பழுதுபார்ப்பும் அங்கே சாக்கு, பேச்சே பயன். தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாகக் கூடம் கட்ட வேண்டியதில்லை. கோயில்களில் உழவாரப்பணி செய்யும் குழுக்கள், நூலக வாசகர் வட்டங்கள், ஓய்வூதியர் சங்கங்கள், பூங்கா நடையாளர்கள் எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. பிரான்சில் துலூஸ் நகரில் 1973இல் தொடங்கிய ‘மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்’ படிப்பையே கூடும் இடமாக்கியது. கேரளத்தில் முதியோர் பகலில் கூடியிருக்கும் ‘பகல் வீடு’கள் எளிய மக்களுக்கும் இதைத் தருகின்றன, தமிழ்நாட்டுக்கும் இவை நிறையத் தேவை.

எல்லாவற்றிலும் ஈடுசெய்யக் கடினமானது, தன்னை யாரோ கேட்கிறார்கள் என்ற உணர்வு. கோப்பு அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. மாணவர் ஐயத்தோடு வந்து நின்றார்கள். இயந்திரம் நின்றால் அவரைத்தான் கூப்பிட்டார்கள். ஓய்வுக்குப் பின் தொலைபேசி அடங்கிவிடுகிறது. பதவி பெரிதாக இருந்தவருக்கு இந்த அமைதி இன்னும் கனமானது. உத்தரவிட்டுப் பழகிய குரல் வீட்டிலும் குடியிருப்புச் சங்கத்திலும் தொடர்ந்து ஒலித்து, இருக்கிற மதிப்பையும் கெடுத்துக்கொள்வது பல குடும்பங்கள் அறிந்த துன்பம்.

இந்த இடத்தில் இரண்டு தமிழறிஞர்களின் வாழ்வு கவனிக்கத்தக்கது. உ.வே. சாமிநாதையர் சென்னை மாநிலக் கல்லூரிப் பணியிலிருந்து 1919இல் ஓய்வு பெற்றார். பெருங்கதைப் பதிப்பு 1924இல் வந்தது, குறுந்தொகை 1937இல் வந்தது. ‘என் சரித்திரம்’ ஆனந்த விகடனில் 1940இல் தொடங்கியபோது அவருக்கு வயது 84. 1942இல் மறையும் வரை எழுதிக்கொண்டிருந்தார். ஐராவதம் மகாதேவன் 1980இல் இந்திய ஆட்சிப் பணியிலிருந்து தாமே விலகினார். தினமணி ஆசிரியராகச் சில ஆண்டுகள் இருந்தபின், குகைக் கல்வெட்டுகளை மீண்டும் நேரில் ஆராய்ந்து, தொல்தமிழ்க் கல்வெட்டியல் பற்றிய பெருநூலை 2003இல் தம் 73ஆம் வயதில் வெளியிட்டார். இருவரும் ஓய்வுக்குப் பிறகு புதிதாக எதையும் தேடவில்லை என்பதே இங்கே பாடம். உத்தியோகம் இருந்த காலத்திலேயே அதைத் தாண்டிய ஒரு பற்று அவர்களிடம் வேரூன்றியிருந்தது. ஆட்ச்லி 1989இல் எழுதிய தொடர்ச்சிக் கோட்பாடும் இதையே சொல்கிறது: முதுமையில் நன்றாக இருப்பவர்கள் முற்றிலும் புது மனிதர்களாக மாறுவதில்லை, பழைய இழையை வேறு தறியில் ஓட்டுகிறார்கள்.

எல்லோரும் அறிஞராக வேண்டியதில்லை. கணக்கு ஆசிரியர் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித்தரலாம். கருவூலத்தில் இருந்தவர் ஓய்வூதியம் சிக்கிக்கொண்ட விதவைக்கு மனு எழுதித்தரலாம். அமெரிக்காவின் பால்டிமோரில் முதியவர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கு அனுப்பி, வாரம் 15 மணி நேரம் பிள்ளைகளுக்கு வாசிக்க உதவச் செய்த திட்டம், பிள்ளைகளோடு முதியவர்களின் உடல், மன நலத்தையும் இலக்காகக் கொண்டது. உடல் தளரும்போது என்ன செய்வது என்ற கேள்விக்குப் பால் பால்டெஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை எடுத்துக்காட்டினார். முதுமையில் அவர் குறைவான பாடல்களையே தேர்ந்தார், அவற்றை அதிகம் பழகினார், விரைவான பகுதிக்கு முன் சற்று மெதுவாக வாசித்து அந்த வேகம் எடுபடும்படி செய்தார். சுருக்குவது, சுருக்கியதில் ஊன்றுவது, குறையை உபாயத்தால் ஈடுசெய்வது. சமையலுக்கும் தோட்டத்துக்கும் இது பொருந்தும்.

வீடு

கணவர் ஓய்வு பெற்றால் மனைவியின் நாளும் மாறுகிறது; ஓய்வைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகின்றன. பகலில் அவருக்கென்று இருந்த வீட்டில் இப்போது இன்னொருவர் உட்கார்ந்து இரண்டு வேளை காப்பி கேட்கிறார், பருப்பு டப்பாவின் இடத்தைத் திருத்துகிறார். ஜப்பானில் ஓய்வுபெற்ற கணவரை ‘நனைந்த சருகு’ என்று சொல்வதுண்டு. உதறினாலும் ஒட்டிக்கொண்டே இருப்பவர் என்று பொருள். கடுமையான சொல்தான். ஆனால் அதற்குப் பின்னால் பெண்களின் உண்மையான களைப்பு இருக்கிறது. இந்தியாவில் 2019இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிட்டது 299 நிமிடங்கள், ஆண்கள் 97. வேலைக்குப் போன பெண் 60 வயதில் அலுவலகத்திலிருந்து மட்டுமே ஓய்வு பெறுகிறார், அடுப்படியிலிருந்து அல்ல. வீட்டு வேலையில் பாதியைத் தன் பங்காக எடுத்துக்கொள்ளும் கணவருக்கு நாளின் ஒழுங்கும் கிடைக்கிறது, இல்லறத்தின் அமைதியும் கிடைக்கிறது. இந்த ஒரு மாற்றம் பல அறிவுரைகளைவிடப் பெறுமானமுள்ளது.

பேரக்குழந்தைகள் பெரிய மகிழ்ச்சி. அளவோடு பார்த்துக்கொள்வது முதியவர்க்கும் நல்லது. முழுநேரப் பொறுப்பாக அது மாறும்போது, குறிப்பாக மொழி தெரியாத ஊரில் நான்கு சுவருக்குள் மாதக்கணக்கில் இருக்க நேரும்போது, அன்பும் அலுப்பும் கலந்துவிடுகின்றன. பாட்டிகள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளைகளே கேட்க வேண்டும்.

பணத்தின் இடம்

பணம் நிம்மதியின் அடித்தளம், அதில் ஐயமில்லை. ஓய்வூதியம் பற்றிய டி.எஸ். நகரா வழக்கில் 1982 டிசம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, செய்த பணிக்கான உரிமை என்று உறுதிப்படுத்தியது. அந்த நாள் இன்றும் ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடப்படுவதற்குக் காரணம் தொகை மட்டுமல்ல, அதனால் வந்த தன்மானமும்தான். ஆனால் இந்த உரிமை எல்லோருக்கும் எட்டவில்லை. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரல் 1க்குப் பின் அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் வந்தார்கள். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இந்தத் தொகையில் மாதத்தை ஓட்டும் ஒருவரிடம் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுவது அநியாயம். கட்டட வேலைக்கும் நடவுக்கும் போகும் தமிழருக்கு ஓய்வு என்ற நாளே வருவதில்லை. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நூறு வயதைக் கடந்தும் நிலத்தில் இறங்கி வேலை பார்த்து, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற பாப்பம்மாளைப் போல விரும்பி உழைப்பவர் சிலர். வேறு வழியின்றி உழைப்பவர் பலர்.

பணம் உள்ள குடும்பங்களிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பணிக்கொடையும் தொகுத்துப் பெற்ற ஓய்வூதியமும் வந்த கையோடு மகன் வீட்டுக் கடனுக்கோ மகள் திருமணத்துக்கோ போய்விடுகின்றன. பாசத்தால் செய்வதுதான், ஆனாலும் தன் மருந்துச் செலவுக்குக் கை நீட்டும் நிலை வந்தால், அந்தப் பாசமே மனத்தாங்கலாகத் திரிந்துவிடும். ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொள்வது சுயநலம் ஆகாது.

வெறுமை நோயாகும்போது

ஓய்வுக்குப் பின் வரும் வாட்டம் பெரும்பாலும் சில மாதங்களில் தெளிந்துவிடும். தெளியாமல் தூக்கம் கெட்டு, பசி போய், எதிலும் பிடிப்பின்றி வாரக்கணக்கில் நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். தமிழ் முதியவர்கள் ‘மனசு சரியில்லை’ என்று சொல்வது அரிது; ‘உடம்பு முடியவில்லை’ என்றே சொல்வார்கள். அதனால் சோதனைக்கு மேல் சோதனை நடக்கும், நோய் மட்டும் பிடிபடாது. 2017–18இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட முதுமை ஆய்வில், 60 வயது கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினரிடம் மனச்சோர்வு நோய்க்கான அறிகுறிகள் காணப்பட்டன. மருத்துவர் தமக்கு அந்த நோய் இருப்பதாகக் கண்டறிந்தார் என்று சொன்னவர்கள் 0.8 சதவீதமே. அறிகுறி உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெயர் தெரியாத பாரத்தைச் சுமக்கிறார்கள்.

காது மந்தமாவதும் இந்த வெறுமையைக் கூட்டும். கண்ணாடி போடத் தயங்காதவர்கள் காது கேட்கும் கருவிக்கு வெட்கப்படுகிறார்கள். பேச்சு விளங்காமல் சிரித்து ஒதுங்கி, கடைசியில் கூட்டத்துக்கே போவதில்லை. குடிப்பழக்கம் உள்ள ஆண்களுக்கு வேலை என்ற கடிவாளம் அறுந்ததும் அளவு கூடுவதைக் குடும்பத்தார் கவனிக்க வேண்டும்.

சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே 200 படுக்கைகள் கொண்ட தேசிய மருத்துவமனை 2024 முதல் இயங்குகிறது. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்களைக் கட்டணமின்றி அழைக்கலாம். முதுமையில் வரும் மனச்சோர்வு வயதின் இயல்பல்ல. மற்ற வயதினரைப் போலவே முதியவர்களுக்கும் அது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோய்.